உன் கணினியில் சாக மறுத்தவள்

அன்புள்ள அருளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ விமானம் ஏறி நான்கு மாதம் ஆகிறது. ஆரம்பத்தில் தினமும் உன்னைக் கூப்பிட்டேன். எடுக்க மனமில்லாதவனின் போனை ஒலிக்கவிட்டுக்கொண்டே இருப்பது சரியில்லை என்று பட்டதும் நிறுத்திவிட்டேன். போன வாரம் உன்னிடமிருந்து ஒரு வரி வந்தது. ‘அந்தப் பேஷண்டை லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டேன்.’ அவ்வளவுதான். அம்மா என்ற சொல்கூட அதில் இல்லை. அந்த ஒரு வரிக்குத்தான் இந்த நீண்ட பதில். முப்பது வருஷமாக நான் எழுதியதெல்லாம் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும். மனதில் இருப்பதை எழுதிப் பழக்கமில்லை. உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்து சொல்கிறேன். அப்படிச் சொன்னால்தான் நடுவில் எங்கேயும் நான் நழுவ முடியாது.

ஸ்டெல்லாவிலிருந்து தொடங்க வேண்டும். உன் அப்பாவின் ஒரே தங்கை. நான் கல்யாணமாகி மேலப்புதூர் வீட்டுக்கு வந்தபோது அவள் ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். மாப்பிள்ளைப் பேச்சு வரும்போதெல்லாம் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பாள். அப்படியே நாற்பது தாண்டிவிட்டது. காலையில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரியைத் தாண்டிப் போவாள். சாயங்காலம் நீ ஸ்கூலிலிருந்து வருவதற்குள் திரும்பியிருப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து நான் திரும்பும் நேரம் எனக்கே தெரியாது. ஆகவே நீ அவளிடம்தான் வளர்ந்தாய். நீ முதலில் போட்ட கணக்கு, அவள் கொண்டுவந்து தரும் பஸ் டிக்கெட்டுகளின் எண்களைக் கூட்டியதுதான். உனக்கு ஆறு வயதில் டான்சில் ஆபரேஷன் நடந்தபோது, சொந்தப் பிள்ளைக்கு மயக்கம் கொடுக்கக் கூடாது என்று என் சீனியர் ஒருவர் வந்து கொடுத்தார். நான் ஓரமாக நின்றேன். நீ பிடித்துக்கொண்டிருந்தது அத்தையின் கையை. ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார்கள், ஏழில் தூங்கிவிட்டாய். அன்று எனக்குப் பயத்தைவிடப் பொறாமைதான் அதிகமாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

என் வேலையைப் பற்றிச் சிறுவயதில் நீ கேட்டதுண்டு. ஆபரேஷன் செய்த டாக்டர் பெயரை ஜனங்கள் வாழ்நாள் முழுக்கச் சொல்வார்கள். மயக்கம் கொடுத்த ஆளின் முகம் யாருக்கும் நினைவிருக்காது. எனக்கு அது பிடித்திருந்தது. தலைமாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நாடியில் விரலை வைத்துக்கொண்டு, இன்னொருவரின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும். உண்மையில் அந்த உட்கார்தல்தான் வேலை. இதை என் ஜூனியர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். சொன்னவள் நான்தான். அந்த நாளில் எழுந்து போனவளும் நான்தான்.

அத்தைக்குப் பித்தப்பையில் கல். கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து வலி, இரண்டு நாளாக வாந்தி. நான் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் என்று முடிவானது. சின்ன ஆஸ்பத்திரி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தியேட்டர், மயக்க டாக்டர் நான் ஒருத்தி. அவசரம் வந்தால் இரண்டையும் நானே பார்ப்பேன். ‘எங்க டாக்டரம்மா ஒரே ஆளா ரெண்டு தியேட்டரையும் சமாளிச்சுடுவாங்க’ என்று ஆஸ்பத்திரியை நடத்துகிறவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதைக் கேட்க எனக்குப் பெருமையாக இருக்கும். மகனுக்குப் பார்த்த விதியை நாத்தனாருக்கும் பார்த்திருக்க வேண்டும், வேறு ஒருவரை அழைத்திருக்க வேண்டும். அழைப்பதாகத்தான் இருந்தேன். ஸ்டெல்லா ஒப்புக்கொள்ளவில்லை. அவளுக்கு ஊசி என்றாலே பயம். டேபிளில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: “நீங்க பக்கத்துலயே இருப்பீங்கல்ல அண்ணி? அப்ப எனக்கு என்ன பயம்.” அதற்கப்புறம் நீ ஸ்கூலுக்குக் கொண்டுபோன தக்காளி சாதத்தை மிச்சம் வைக்காமல் தின்றாயா என்று சாயங்காலம் டப்பாவைத் திறந்து பார்க்கச் சொன்னாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

அந்த மாதம்தான் புதிதாக ஒரு மருந்துப் பம்ப் வந்திருந்தது. பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக ரத்தத்தில் ஏற்றிக்கொண்டே இருக்கும். வேகத்தை நாம் வைக்க வேண்டும்; வைத்த வேகத்தில் அது போய்க்கொண்டிருக்கும், யோசிக்காது. வயிற்றைக் கீறியதும் ஸ்டெல்லாவின் ரத்த அழுத்தம் ஏறியது. எல்லோருக்கும் ஏறுவதுதான். வேகத்தைக் கூட்டினேன். இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும், பிறகு குறைத்துவிட வேண்டும். மானிட்டர் வேறு சும்மா சும்மா கத்திக்கொண்டிருந்ததால் அதன் ஒலியையும் நிறுத்தி வைத்திருந்தேன். அப்போது பக்கத்துத் தியேட்டரிலிருந்து ஓடிவந்தார்கள். ஒரு பிரசவ கேஸ், குழந்தையின் துடிப்பு இறங்குகிறது, உடனே எடுக்க வேண்டும். கமலா சிஸ்டரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனேன். பம்பைத் தொடவில்லை.

அங்கே அந்தப் பெண்ணுக்கு மயக்கம் கொடுத்து, குழந்தையை வெளியே எடுத்து, அது நீலமாக மூச்சில்லாமல் கிடந்ததால் நானே அதற்கு மூச்சு கொடுத்தேன். கடைசியில் அது அழுதது. சிரித்தேன், அருள். அங்கே நின்ற எல்லோரும் சிரித்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தெரியாமல் சிரித்த அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் வாயைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது. இந்தப் பக்கம் ஆபரேஷன் செய்கிற டாக்டர் கமலா சிஸ்டரைத் தையல் நூல் எடுத்துவர ஸ்டோருக்கு அனுப்பியிருந்தார். தலைமாட்டில் ஆள் இல்லை. வாந்தியெடுத்துத் தண்ணீர் வற்றிப்போன உடம்பில் மருந்து அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. வெட்டிய இடத்தில் ரத்தமே கசியவில்லையே என்று டாக்டர் நிமிர்ந்தபோதுதான் எல்லோரும் மானிட்டரைப் பார்த்தார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். நான் வந்தபோது நாடி இல்லை. என் கையால் அவள் நெஞ்சை அழுத்தினேன். அவள் எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. முக்கால் மணி நேரத்துக்கப்புறம் டாக்டர் என் கையைப் பிடித்து விலக்கினார்.

நான் வெளியே போய்த் திரும்பியது பன்னிரண்டு நிமிடம்.

பிறகு நான் செய்ததுதான் உனக்குப் பொறுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தவறு யாருக்கும் வரும். அதற்கப்புறம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தது தவறு என்ற கணக்கில் வராது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சார்ட்டில் எழுத வேண்டிய எண்களை மொத்தமாக உட்கார்ந்து எழுதினேன். நூற்றிருபதுக்கு எண்பது. நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தெட்டு. மறுபடி நூற்றிருபதுக்கு எண்பது. பம்பின் வேகத்தை நான் போவதற்கு முன்பே குறைத்ததாக எழுதினேன். கடைசியில் திடீர் மாரடைப்பு. டாக்டர் பக்கத்தில் நின்று பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. உன் அப்பா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். இதயம் நின்றுவிட்டது, எங்களால் முடிந்ததையெல்லாம் செய்தோம் என்றேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒன்றுதான். “நீ பக்கத்துல இருந்தேல்ல. அது போதும்.”

அடக்கத்துக்கு அவளுடைய ஸ்கூல் பிள்ளைகள் யூனிஃபார்மோடு வரிசையாக வந்தார்கள். பதினோரு வயதில் நீ அழாமல் நின்றாய். வீட்டுக்கு வந்து அந்தத் தக்காளி சாதம் வைத்த டப்பாவைக் கழுவ விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாய். நான்தான் உன் கையிலிருந்து பிடுங்கிக் கழுவினேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. கமலா சிஸ்டர். ஆஸ்பத்திரியில் பேச்சு கிளம்பியது. ஆள் பக்கத்தில் இல்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நடத்துகிறவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது, சிஸ்டரிடம் பொறுப்பை விட்டுவிட்டு இரண்டு நிமிடம்தான் போனேன் என்றேன். அவர் அதற்குமேல் விசாரிக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் கமலா வேலையிலிருந்து நின்றுவிட்டார்கள். நின்றார்களா, நிறுத்தினார்களா என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. கேட்காமல் இருப்பதற்கு எனக்கு ஒரு திறமை இருந்தது. அதை வைத்துத்தான் பத்தொன்பது வருஷம் ஓட்டினேன். காலையில் எழுந்தேன், தியேட்டருக்குப் போனேன். அதற்கப்புறம் ஒரு நோயாளியின் தலைமாட்டைவிட்டும் எழுந்ததில்லை. இரண்டு தியேட்டரைப் பார்க்கச் சொன்னால் முடியாது என்றேன். அதனால் என்னைப் பிடிவாதக்காரி என்றார்கள். ரிட்டயர் ஆனதும் உன் அப்பா ஸ்ரீரங்கத்தில்தான் ஃபிளாட் வாங்க வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, ஸ்டெல்லா தினமும் வந்துபோன ஊர் என்றார். பால்கனியிலிருந்து பார்த்தால் பஸ் தெரிகிற இடமாகப் பார்த்து வாங்கினார். தினமும் காலையில் அங்கே உட்கார்ந்து காபி குடிப்பார். பக்கத்தில் நானும் உட்கார்ந்து குடிப்பேன்.

நீ எஞ்சினியரிங் முடித்து, ஆராய்ச்சி என்று கிளம்பி, கடைசியில் என் துறைக்கே வந்து சேர்ந்தபோது அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். நெற்றியில் ஒட்டிய பட்டையிலிருந்து மூளையின் அலைகளைப் படித்து, மயக்கம் ஆழமா மேலோட்டமா என்று கண்டுபிடித்து, மருந்துப் பம்பின் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவி. யோசிக்கும் பம்ப் என்று நீ சொன்னாய். அதை நேரடியாக மனிதர்மேல் வைத்துப் பார்க்க முடியாது, அதனால் முதலில் கணினிக்குள் நோயாளிகளை உண்டாக்க வேண்டும் என்றாய். ஒவ்வொரு நோயாளிக்கும் வயது, எடை, உயரம். ரத்தம் ஒரு தொட்டி, தசை ஒரு தொட்டி, கொழுப்பு ஒரு தொட்டி. மருந்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒழுகித் திரும்பி வருவதைச் சமன்பாடுகளாக எழுதியிருந்தாய். டைனிங் டேபிளில் டம்ளர்களை வரிசையாக வைத்து அப்பாவுக்கு அதை விளக்கினாய். அவர் பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் இரும்போடு கிடந்தவர். உனக்காக எல்லாம் புரிந்ததுபோலத் தலையாட்டினார். வெளிநாட்டில் கிடைக்கும் விவரங்களெல்லாம் அந்த ஊர் உடம்புகள், நம் ஊர் உடம்புக்குக் கத்தி பட்டால் எப்படி மாறுகிறது என்று பார்க்க உன் பழைய சார்ட்டெல்லாம் வேண்டும்மா என்று கேட்டாய்.

நான் வேலை பார்த்த காலமெல்லாம் ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு நகல் எடுத்து வைக்கும் பழக்கம் எனக்கு. அந்த ஆஸ்பத்திரியை மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது. என் பரணில் மட்டும் காகிதங்கள் இருந்தன. பெயர் இருக்கும் மேல்பகுதியைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு ஒவ்வொன்றாக உனக்குக் கொடுத்தேன். மூன்று நாள் ஆயிற்று. ஸ்டெல்லாவின் சார்ட் கையில் வந்தது. அதைத் தனியே எடுத்து வைத்திருக்கலாம். எடுக்கவில்லை. அவள் பெயரையும் வெட்டி, மற்றவற்றோடு அடுக்கினேன். தெரியாமல் வந்துவிட்டது என்று சொன்னால் பொய். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்ற திமிர் ஒரு பக்கம் இருந்திருக்கும். யாராவது கண்டுபிடிக்கட்டுமே என்று இன்னொரு பக்கம் இருந்ததோ என்னவோ. எனக்கே தெரியவில்லை.

அந்த மத்தியானம் உனக்கு நினைவிருக்கும். அப்பா திருவானைக்காவலுக்கு ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு மொய் எழுதப் போயிருந்தார். நீ மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்தாய். முகமெல்லாம் உற்சாகம். மற்ற எல்லாரும் கணினியில் சரியாக ஒத்துவருகிறார்கள், ஒரே ஒரு ஆள் மட்டும் வழிக்கு வரவில்லை என்றாய். “எத்தனை தடவை ஓட்டினாலும் இந்தப் பேஷண்ட் சாக மாட்டேங்கறாங்கம்மா. சார்ட்ல எழுதியிருக்கற டோஸ்ல அவங்களுக்கு ஒண்ணுமே ஆகாது. நல்லா தூங்கிட்டு எழுந்து வீட்டுக்குப் போகணும்.” நான் கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை. எண்கள் வேறு ரொம்ப வழுவழுப்பாக இருக்கின்றன, உயிருள்ள ஆளின் அழுத்தம் இப்படி நேர்கோட்டில் போகாது என்றாய். பிறகு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு நீயே விடையைக் கண்டுபிடித்ததையும் சொன்னாய். பம்பைக் குறைக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு, உடம்பில் தண்ணீர் குறைவு என்றும் வைத்து, தலைமாட்டில் ஒருவரும் இல்லை என்று ஓட்டினால், பதினோராவது நிமிடத்திலிருந்து பதின்மூன்றாவது நிமிடத்துக்குள் இதயம் நின்றுவிடுகிறது. அப்படியே பொருந்துகிறது என்று திரையை என் பக்கம் திருப்பினாய். ஒரு கோடு சரிந்து தரையைத் தொட்டிருந்தது.

நான் பத்தொன்பது வருஷம் யாருக்கும் சொல்லாததை உன் கணினி படமாகப் போட்டு வைத்திருந்தது. அதை நீ எனக்கே காட்டி, பாராட்டுக்காக நின்றாய். “யாரோ பக்கத்துல இருந்து எழுந்து போயிருக்காங்கம்மா. அப்புறமா உக்காந்து எழுதியிருக்காங்க. நாப்பத்தோரு வயசு, அம்பத்திரண்டு கிலோ, பித்தப்பை. உனக்கு ஞாபகம் இருக்கா, யாரு இது?”

எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். ஜூனியர் யாராவது எழுதியிருப்பார்கள் என்றாலே நம்பியிருப்பாய். என் வாயில் ஸ்டெல்லா என்று வந்துவிட்டது.

நீ கத்தவில்லை. மடிக்கணினியை மெதுவாக மூடினாய். மேடையில் இருந்த தண்ணீரைக் குடித்தாய். அப்புறம் கேட்டாய்: “அப்பாவுக்குத் தெரியுமா?” தெரியாது என்றேன். “நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” பேச ஆரம்பித்த நாளிலிருந்து என்னை நீ என்று மட்டுமே கூப்பிட்டவன் முதல்முறையாக நீங்க என்றாய். நம் பேச்சிலேயே மரியாதையான சொல் அதுதான். அதைப் போல் ஒரு அடி என் மேல் இதுவரை விழுந்ததில்லை. நான் சொல்கிறேன், கொஞ்சம் நேரம் கொடு என்றேன். மறுநாள் காலையிலேயே, விமானத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதே, சென்னையில் வேலையிருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லிக் கிளம்பிவிட்டாய். அவர் பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். நானும் வந்தேன். நீ அவர் காலைத் தொட்டுவிட்டு ஏறிக்கொண்டாய்.

நீ போனபின் முதலில் கமலா சிஸ்டரைத் தேடினேன். திருவானைக்காவலில் மகள் வீட்டில் இருப்பதாகத் தெரிந்தது. போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்கள். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், உங்கள்மேல் பழி விழ விட்டேன் என்றும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்கள்: “நீங்க வருவீங்கன்னு ஒரு ரெண்டு வருஷம் பாத்துட்டே இருந்தேன் டாக்டர். அப்புறம் விட்டுட்டேன்.” அதற்கப்புறம் எந்த ஆஸ்பத்திரியிலும் அவர்கள் வேலைக்குப் போகவில்லையாம். நூல் எடுக்கப் போகாமல் இருந்திருந்தால் அந்த டீச்சர் பிழைத்திருப்பாரோ என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். பம்பை நான் குறைக்காமல் போனது அவர்களுக்கு அன்றுவரை தெரியாது. மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். கிளம்பும்போது வெயிலாக இருக்கிறது, பார்த்துப் போங்க என்றார்கள். அருள், உனக்குச் சொல்ல எனக்கு யோக்யதை இருக்கிறதோ இல்லையோ, இதை மட்டும் கேள். ஒருவரிடம் சொல்ல வேண்டியது இருந்தால் அவர் காத்துக்கொண்டிருக்கும்போதே போய்ச் சொல்லிவிடு. அதற்கப்புறம் போனால் மோர்தான் கிடைக்கும்.

அப்பாவிடம் சொல்ல எனக்கு இன்னும் இரண்டு மாதம் ஆனது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச்சில் பூசை முடிந்து சொல்லலாம் என்று போவேன், அவர் தங்கைக்காக மெழுகுவத்தி ஏற்றுவார், நான் வாயை மூடிக்கொள்வேன். ஒரு ஞாயிறு பூசைக்குப் போகும் முன்பே, சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தவரை உட்கார வைத்துச் சொன்னேன். உனக்கு இங்கே எழுதியதைத்தான் சொன்னேன். பாதி போட்ட பித்தானைப் பிடித்தபடியே இருந்தார். நான் முடித்ததும் ஒன்று கேட்டார்.

“வலி தெரிஞ்சுதா அவளுக்கு?”

“இல்லைங்க. ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. ரொம்ப ஆழமான மயக்கத்துல இருந்தா.”

என் தொழிலில் நான் கற்றதையெல்லாம் சேர்த்து அவருக்குக் கொடுக்க முடிந்த உண்மை அது ஒன்றுதான். அவளைக் கொன்றதும் அதே ஆழம்தான் என்பது அவருக்கும் புரிந்துவிட்டது. எழுந்து உள்ளே போனார். ஒரு பையில் இரண்டு வேட்டி சட்டை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நாள் காட்டூரில் பெரியப்பா வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறு வாரம் ஆகிறது. பெரியப்பாவிடம் என்ன சொல்லியிருக்கிறார் என்று தெரியாது. அவருடைய பிரஷர் மாத்திரை இங்கேயே இருந்ததால் ஒருநாள் கொண்டுபோனேன். வாசல் கேட்டுக்கே வந்து வாங்கிக்கொண்டார். பழக்கத்தில் “சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இளைத்திருக்கிறார். தாடி வளர்ந்திருக்கிறது. முப்பத்தைந்து வருஷத்தில் அவரைத் தாடியோடு நான் பார்த்ததில்லை.

இப்போது உன் ஒரு வரிக்கு வருகிறேன். அவளை லிஸ்டிலிருந்து எடுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். அவளை அங்கே எண்ணாகப் பார்க்க உன்னால் முடியாது. அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் எடுக்காதே. நீ அடைத்து வைத்திருக்கும் ஆயிரம் நோயாளிகளில் மற்ற எல்லாருடைய தலைமாட்டிலும் யாரோ ஒருவர் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரி அப்படி இருக்காது. கூப்பிடுவார்கள், எழுந்து போவோம், இரண்டு நிமிடம் என்று நினைப்போம். நெற்றிப் பட்டை கழன்று விழும். சத்தம் போடுகிறதென்று அலாரத்தை நிறுத்தி வைப்போம். உன் கருவி வந்துவிட்டால், அதுதான் பார்த்துக்கொள்கிறதே என்று இன்னும் தைரியமாக எழுந்து போவார்கள். நல்லவர்கள்தான் போவார்கள், வேலை தெரிந்தவர்கள்தான் போவார்கள். ஒரு குழந்தையைக் காப்பாற்றத்தான் போவார்கள். அதை உன் கணினிக்குச் சொல்லித்தர அவளைவிட்டால் உனக்கு வேறு ஆள் இல்லை. நோயாளியை மட்டும் உண்டாக்கினால் போதாது, கண்ணா. என்னையும் அதில் உண்டாக்கு. எழுந்து போகிறவளையும், திரும்பி வந்து பொய் எழுதுகிறவளையும் வைத்து ஓட்டிப் பார். அப்படியும் உன் கருவி அவளைக் காப்பாற்றினால்தான் அதை ஒரு மனிதரின் தலைமாட்டில் கொண்டுபோய் வை.

அதற்காக அந்த நாளின் சார்ட்டை மறுபடி எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. எனக்கு நினைவிருக்கும் எண்களை மட்டும் எழுதினேன். நான் இல்லாத பன்னிரண்டு நிமிடத்துக்கான கட்டங்களில் ஒன்றும் எழுதவில்லை. எனக்குத் தெரியாது என்று அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மேலே அவள் பெயரை முழுசாக எழுதியிருக்கிறேன். மயக்கம் கொடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரையும்.

என்னிடம் பேச வேண்டும் என்று உன்னைக் கேட்கப் போவதில்லை. நீ எப்போது பேசுவாய் என்றும் கேட்க மாட்டேன். காட்டூரில் அப்பா காலையில் ஏழு மணிக்கு எழுந்து வெளி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார் என்று பெரியம்மா சொன்னார்கள். மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். உனக்கு அது என்ன நேரம் என்று எனக்குத் தெரியும், நடு ராத்திரிதான். இருந்தாலும் ஒருநாள் விழித்திருந்து அவரைக் கூப்பிடு. என்னைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். அத்தையைப் பற்றிப் பேசு. அவருக்கு இனி அவளைப் பற்றிப் பேச உன்னைவிட்டால் யாரும் இல்லை.

அம்மா